எந்தப் பார்ச் சிப்பி, எந்த ஊர் முந்திரிகை?

மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கென்று பலெர்மோவிலிருந்து வந்திருந்த என் அத்தான், திருவிழா முடிந்த மூன்றாம் நாள் மாலை, மலங்காட்டில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, பிரயாணப் பெட்டியின் அடியிலே சாரத்தால் சுற்றி வெகு பத்திரமாகக் கொண்டுவந்திருந்த இரண்டு வைன் போத்தல்களை எடுத்து என் முன்னே நிறுத்தி, "தம்பி, இதிலை எது உசத்தி எண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

ஒரு போத்தல் கனத்த கண்ணாடியில் செய்யப்பட்டது. அதன் லேபலிலே பொன்னிற எழுத்துக்களும், குன்றின்மேல் நிற்கும் ஒரு கோட்டையின் சித்திரமும் இருந்தன. மற்றையது சாதாரணமானது, வெளிறிய காகிதத்திலே கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அதன் கழுத்திலே, மூடியின் மேலிருந்து கண்ணாடி வரைக்கும் இறங்கி, கிழிக்காமல் போத்தலைத் திறக்க முடியாதபடி ஒட்டப்பட்ட ஒடுக்கமான ஒரு காகிதச் சீட்டு இருந்தது. கிட்டப் பிடித்துப் பார்த்தால் அதிலே இத்தாலிய அரசின் இலச்சினையும், நாணயத் தாளில் காண்பதுபோன்ற மெல்லிய கோடுகளும், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடரிலக்கமும் தெரிந்தன. நான் பொன்னெழுத்துப் போத்தலையே காட்டினேன். அத்தான் தலையை ஆட்டி மறுத்து, அந்தப் போத்தலைத் திருப்பி, "இதிலை ஒரு ஊரின்ரை பேர் இருக்கோ, தேடு" என்றார். தேடினேன். சிவப்பு வைன் என்னும் பொருள்பட 'வீனோ ரோஸ்ஸோ' என்றிருந்தது. இத்தாலியின் விளைபொருள் என்றிருந்தது. ஊர்ப் பெயர் எங்குமே இல்லை. சாதாரணப் போத்தலிலோ முதல் வரியிலேயே 'செரசுவோலோ தி வித்தோரியா' என்று, சிசிலித் தீவின் தென்கிழக்கிலுள்ள வித்தோரியா என்னும் பட்டணத்தின் பெயர் நின்றது.

அத்தான் படித்து அறிந்த மனிதரல்லர். தொண்ணூறுகளில் சிசிலிக்குப் போய், நம் தமிழர்கள் பலரைப் போலவே பலெர்மோ நகரத்தில் வீட்டுவேலை செய்தவர். சாந்தா ரொசாலியாவின் குகைக்கோவிலுக்கு மொந்தே பெல்லெகிரினோ மலை ஏறி, அங்கே சைவரும் கத்தோலிக்கருமாகத் தமிழர் திரண்டு நின்று மெழுகுதிரி கொளுத்துவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். அவர் வேலைசெய்த வீட்டு மூதாட்டி, கடைக்கு அனுப்பும்போதெல்லாம், "காசு கொடுப்பதற்கு முன் போத்தலை வாசி" என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பழக்கிவிட்டாராம். அன்று மாலை இருட்டும் வரைக்கும் அவர் எனக்குக் கற்பித்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும், நம் ஊர்க் கதையோடு சேர்த்து உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனம் சில நாளாகத் துடிக்கிறது.

முதலிலே நம் ஊர்க் கதை. எங்கள் சொந்த ஊரான முள்ளிக்குளத்துக்கு அடுத்த மறிச்சுக்கட்டியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, முத்துக்குளிப்புக் காலத்தில் ஓலைக் குடிசைகளால் ஒரு பெருநகரமே எழுந்து, பருவம் முடிந்ததும் அடையாளமில்லாமல் மறைந்துபோகும் என்பதை நம் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அங்கே கவனிக்கத்தக்க விசேஷம் என்னவென்றால், சிப்பி திறக்கப்படாமலே, ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடப்பட்டது என்பதுதான். உள்ளே முத்து உண்டா இல்லையா, உண்டாயின் எத்தகையது என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. தெரியாத பொருளுக்கு விலை பேசுவது எங்ஙனம்? அதற்காகத்தான், குளிப்புக்கு முன்பே பார் என்று சொல்லப்படும் கடலடிச் சிப்பித் திட்டு ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை நிபுணர்களைக்கொண்டு மதிப்பிட்டு, இந்தப் பார்ச் சிப்பி ஆயிரம் இன்ன பெறுமதி என்று அரசினர் அறிவித்தார்கள். பெரிய பார், செவ்வல் பார், மோதரகம் பார் என்ற பெயர்கள் வியாபாரிகளின் வாயில் புழங்கியது இதனால்தான். மூடிய சிப்பிக்கு அது பிறந்த பாரின் பெயரே சாட்சி.

சிப்பி திறந்த பிறகு வேறொரு தராதரம் தொடங்கும். இருபது துளை முதல் ஆயிரம் துளை வரைக்குமான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்துப் பருமன் பிரித்து, பின்பு ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டி, உருட்சியிலும் ஒளியிலும் குறைவற்றது ஆணி என்றும், அவ்விரண்டிலும் தாழ்ந்துவருவது கலிப்பு என்றும், வளைந்து மடிந்தது மடங்கு என்றும், சிறிதானாலும் அழகுள்ளது வடிவு என்றும், கடைசிச் சல்லடைகளில் தங்கும் பொடி தூள் என்றும் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். இந்தப் பெயர்களுக்கு இடையிலே இன்னும் சில படிகளும் உண்டு. தமிழிலே வழங்கிய இந்தச் சொற்களை வெள்ளைக்கார உத்தியோகத்தர்களும் மாற்றாமல் அப்படியே தங்கள் அறிக்கைகளில் எழுதிவைத்தார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆக, இரண்டு வகையான தரம் உண்டு என்பது விளங்கும். ஒன்று, பொருளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டுச் சொல்வது: ஆணி, கலிப்பு, தூள். மற்றொன்று, மூடியிருக்கும் பொருளைப் பற்றி, அது எங்கே பிறந்தது என்பதைக்கொண்டு சொல்வது: இந்தப் பார், அந்தப் பார். இத்தாலிய வைன் போத்தலின் லேபல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற எல்லாம் எளிது. இதைத் தவறவிட்டு, லேபலிலுள்ள எழுத்துக்களை ஆணி, கலிப்பு என்பதுபோல ருசியின் படிகளாக எண்ணிக்கொள்வதனால்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

லேபல் சொல்லும் படிகள் நான்கு. அடியிலே இருப்பது வெறும் 'வீனோ'. ஊர்ப் பெயர் சொல்ல உரிமை இல்லாதது. பொன்னெழுத்துப் போத்தல் இந்த வகை. அதற்கு மேலே ஐ.ஜி.டி.; ஒரு பெரும்பிரதேசத்தின் பெயரைச் சொல்லலாம், ஆனால் எந்தப் பழத்தை எவ்வாறு கலப்பது என்பதிலே தாராளமான சுதந்திரம் உண்டு. அதற்கு மேலே டி.ஓ.சி.; எல்லை வகுக்கப்பட்ட நிலம், அனுமதிக்கப்பட்ட முந்திரிகை இனங்கள், ஓர் ஏக்கரிலிருந்து எவ்வளவுக்கு மேல் பழம் எடுக்கலாகாது, எத்தனை மாதம் வைத்திருந்து விற்பனைக்கு விடவேண்டும் என்பன எல்லாம் எழுதப்பட்ட விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டவை. உச்சியிலே டி.ஓ.சி.ஜி.; கடைசி எழுத்து உத்தரவாதத்தைக் குறிக்கும். பல ஆண்டுகள் டி.ஓ.சி.யாக இருந்து பெயர்பெற்ற வைன்களே இதற்கு உயர்த்தப்படும். போத்தலில் அடைக்கும் முன்னர் இரசாயனப் பரிசோதனையும், ருசி பார்ப்போர் குழுவின் சம்மதமும் வேண்டும். ஒவ்வொரு போத்தலுக்கும் இலக்கமிட்ட சீட்டும் வேண்டும். நாணயமும் கடவுச்சீட்டும் தயாரிக்கின்ற அதே அரச நிறுவனமே ரோமாபுரியில் இந்தச் சீட்டையும் அச்சிடுகிறது. அறுவடையின் அளவுக்கு ஏற்பச் சீட்டுக்கள் எண்ணிக் கொடுக்கப்படுவதனால், விளைந்ததற்கு மிஞ்சி ஒரு போத்தல்கூட அந்தப் பெயரில் வெளியே போக வழியில்லை. இன்றைக்கு எழுபதுக்கு மேற்பட்ட டி.ஓ.சி.ஜி.க்களும், முந்நூறுக்கு மேற்பட்ட டி.ஓ.சி.க்களும் உண்டு.

ஊர்ப் பெயருக்கு வேலி போடும் இந்த எண்ணம் மிகப் பழையது. 1716ஆம் ஆண்டிலேயே தொஸ்கானா நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதீச்சி, கியாந்தி உட்பட நான்கு வைன் நிலங்களின் எல்லைகளைக் குறித்து, அந்த எல்லைக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்கலாகாது என்று பிரகடனம் செய்தார். ஆயினும் தேசம் முழுவதற்குமான சட்டம் 1963இல்தான் பிறந்தது. 1966இல் சான் ஜிமிஞ்ஞானோ என்ற ஊரின் வெள்ளை வைன் முதல் டி.ஓ.சி. ஆயிற்று, 1980இல் பரோலோ, புருநெல்லோ தி மொந்தால்சீனோ முதலியவை முதல் டி.ஓ.சி.ஜி.க்கள் ஆயின.

சட்டம் வந்தவுடன் அதன் குறையும் வந்தது. கியாந்தி வைனிலே கறுப்பு முந்திரிகையோடு வெள்ளை முந்திரிகையையும் குறிப்பிட்ட விகிதத்திலே கலந்தே தீரவேண்டும் என்று 1967ஆம் ஆண்டு விதி சொல்லிற்று. வெள்ளையைக் கலந்தால் வைன் மெலிந்துபோகிறதே என்று கண்ட சில தோட்டக்காரர்கள், பெயர் போனாலும் போகட்டும், நல்ல வைனைச் செய்வோம் என்று துணிந்தார்கள். கடலோரத்துப் பொல்கெரியிலே பிரெஞ்சு தேசத்து கபர்னே சொவிஞ்ஞோன் பழத்தைக்கொண்டு செய்யப்பட்ட சஸ்ஸிகாயா 1968ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து விற்பனைக்கு வந்தது. அந்தினோரி குடும்பத்தினரின் திஞ்ஞானெல்லோ 1971இல் பிறந்தது. இவை உலகப் பிரசித்தி பெற்று, டி.ஓ.சி. போத்தல்களைவிடப் பல மடங்கு விலைக்குப் போன காலத்திலும், சட்டத்தின் கண்ணுக்கு அடிப்படியிலுள்ள சாப்பாட்டு மேசை வைனாகவே இருந்தன. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஐ.ஜி.டி. என்னும் நடுப்படியை உண்டாக்கிற்று. 1994இல் சஸ்ஸிகாயாவுக்குப் பொல்கெரி டி.ஓ.சி.க்குள்ளேயே இடம் கிடைத்தது. எனவே, சீட்டு இல்லாததெல்லாம் தாழ்ந்தது என்று சொல்வது பெரும் பிழை. ஆனால் அந்தத் தோட்டக்காரர்களுக்குத் தங்கள் பெயரே ஒரு கொடியாக நின்றது. பெயரற்ற ஏழைக் குடியானவனுக்கு அவன் ஊரின் பெயரைத் தவிர வேறு எது துணை? இதனால்தான் விதிகளின் இறுக்கத்தைக் குறைசொல்லுகிறவர்களோடு என் மனம் முழுதும் சேர மறுக்கிறது.

ஊர்ப் பெயரைக் காவாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அத்தானின் சிசிலியிலேயே உதாரணம் இருக்கிறது. மேற்குக் கரையிலுள்ள மர்சாலா பட்டணத்திலே 1773இல் ஜோன் வுட்ஹவுஸ் என்னும் ஆங்கில வியாபாரி தங்கி, அங்குள்ள வைன் கப்பற் பிரயாணத்திலே கெடாதிருக்கும்பொருட்டுச் சாராயம் சேர்த்து அனுப்பியதிலிருந்து அந்த வைன் கீர்த்தி பெற்றது. பிற்காலத்திலே முட்டை, கோப்பி முதலியவற்றைக் கலந்தவற்றுக்கும் மர்சாலா என்று பெயரிட்டுவிட்டதனால், உலகம் அதைச் சமையற் பொருளாகவே எண்ணத் தொடங்கியது. 1984இல் சட்டத்தைத் திருத்தி அத்தகைய கலவைகளிடமிருந்து பெயரைப் பறித்தார்கள். இன்றைக்கு அதன் உயர்ந்த வகையான 'வெர்ஜினே' குறைந்தது ஐந்து ஆண்டும், அதனினும் மூத்தது பத்து ஆண்டும் மரப்பீப்பாயிலே கிடந்தபின்பே வெளிவருகிறது. காவலில்லாத இடத்திலே பெயருக்கு மாத்திரமன்று, உயிருக்கும் கேடு நேர்ந்ததுண்டு: 1986இல் வட இத்தாலியிலே மலிவான வைனில் மெதனோல் என்னும் நஞ்சைக் கலந்து விற்றதனால் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கசிப்பினால் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களை நம் தேசத்திலும் அறிவோமாதலால், இதை வாசித்தபோது என் நெஞ்சு நடுங்கிற்று.

இனி லேபலிலே வேறு சில சொற்கள். 'கிளாஸிக்கோ' என்றால் பிற்காலத்திலே அகட்டப்பட்ட எல்லைக்குள்ளே ஆதியிலிருந்த பழைய நிலம். 'ரிசெர்வா' என்றால் விதித்த காலத்துக்கும் மேலாக வைத்திருந்து முதிர்ந்தது. 'சுப்பீரியோரே' என்றால் பெரும்பாலும் சாராய வீதம் சற்று உயர்ந்தது. ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது அந்த ஆண்டின் பழமாயிருக்க வேண்டும். பெயர்களிலே ஒரு பொறியும் உண்டு: மொந்தெபுல்சியானோ தப்ருட்ஸோ என்பதிலே மொந்தெபுல்சியானோ பழத்தின் பெயர், வீனோ நோபிலே தி மொந்தெபுல்சியானோ என்பதிலோ அது தொஸ்கானாவிலுள்ள ஓர் ஊரின் பெயர், பழமோ வேறு. 'இம்பொத்திலியாத்தோ அல்லொரிஜினே' என்ற நீண்ட சொற்றொடர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழம் விளைவித்தவர்களே, தங்கள் இடத்திலேயே, தங்கள் கையாலேயே போத்தலில் அடைத்தது என்பது அதன் கருத்து.

2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி வந்து, டி.ஓ.சி.யையும் டி.ஓ.சி.ஜி.யையும் டி.ஓ.பி. என்னும் ஒரே குடைக்கீழும், ஐ.ஜி.டி.யை ஐ.ஜி.பி. என்பதன் கீழும் கொண்டுவந்தது. பழைய எழுத்துக்களையும் போடலாம் என்பதால் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. இந்த ஐ.ஜி.பி. நமக்கு அந்நியமானதன்று. 2022 பெப்ரவரியிலே இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திலே இதே முத்திரையைப் பெற்றது. நம் தேசத்துப் பொருள் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. உணவுப் பொருட்களில் டி.ஓ.பி.க்கு எல்லா வேலையும் அந்த இடத்திலேயே நடக்கவேண்டும், ஐ.ஜி.பி.க்கு ஏதேனும் ஒரு முக்கிய வேலையாவது அங்கே நடந்தால் போதும்.

கோவிற் பூசைப் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருப்பதனால், சீட்டு ஒட்டிய போத்தலைப் பூசைக்குக் கொடுத்துவிடலாமா என்று எண்ணி, மறுநாள் பங்குச் சுவாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்து, திருச்சபைச் சட்டம் கேட்பது மூன்றே மூன்றுதான் என்றார்: இயற்கையானதாயிருக்க வேண்டும், முந்திரிகைக் கனியிலிருந்து உண்டானதாயிருக்க வேண்டும், கெட்டுப்போகாததாயிருக்க வேண்டும். படியைப் பற்றியோ, ஊரைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. பின்பு புன்னகையோடு, "அத்தான் ஆசையோடு கொண்டுவந்தது, வீட்டிலேயே எல்லாரும் சேர்ந்து பருகுங்கள்" என்று திருப்பித் தந்தார்.

அன்றிரவு அத்தான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போத்தலைத் திறந்தார். செரசுவோலோ என்ற பெயர் செர்ரிப் பழத்தின் நிறத்தாலே வந்ததாம். நேரோ தாவோலா என்னும் கறுத்த இனத்தோடு பிராப்பாத்தோ என்னும் இளகிய இனத்தைச் சேர்த்துச் செய்வது. சிசிலித் தீவு முழுவதிலும் டி.ஓ.சி.ஜி. பெற்றது இது ஒன்றே, அதுவும் 2005இல். விளக்கின் முன்னே தம்ளரைப் பிடித்தபோது, நம் கரையிலே சூரியன் அமிழுகின்ற வேளையின் சிவப்பு அதிலே தெரிந்தது. அம்மா ஒரு மிடறு குடித்து, "புளிப்புத்தான், ஆனா நல்ல வாசம்" என்றார். கட்டா மீன் பொரியலோடு அது நன்றாகவே சேர்ந்தது. பொன்னெழுத்துப் போத்தலையும் பிறகு திறந்தோம். அதுவும் கெட்டதன்று, ஆனால் அதைக் குடிக்கும்போது நினைத்துக்கொள்ள ஓர் ஊர் இல்லை.

அத்தான் திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது, பலெர்மோவிலிருக்கும் அக்காவுக்கென்று கட்டாக் கருவாடு கட்டினோம். தாளிலே சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, நூலால் இறுக்கி, வெளியே ஒரு காகிதம் ஒட்டி, நான் பேனாவை எடுத்து 'முள்ளிக்குளம் கட்டாக் கருவாடு' என்று எழுதத் தொடங்கினேன். பழக்க தோஷத்தால் அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பொறு தம்பி, மீன் எங்கை பிடிச்சது?" என்றார். எங்கள் ஊருக்கு நேரேயுள்ள கடலிலே என்றேன். "எங்கை காய்ஞ்சது?" என்றார். இங்கே மலங்காட்டிலே, இந்த வீட்டின் பின்புறத்திலே என்றேன்.

இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். போரினால் 2007 செப்டெம்பரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, எங்கள் வீட்டுப் பந்தலிலே பாதி காய்ந்த கருவாடு பரப்பியபடியே கிடந்தது. 2012இல் இந்தக் காட்டை வெட்டிக் குடியேறினோம். 2017இல் ஒரு மாதத்துக்கு மேலாக வெயிலில் குந்தியிருந்து, கடற்படையின் பிடியிலிருந்த ஊரைத் திருப்பிக் கேட்டதன்பின் ஊரின் ஒரு பகுதி நிலத்துக்கு வழி திறந்தது. எங்கள் வீடு நின்ற துண்டு அந்தப் பகுதியில் அடங்கவில்லை. முள்ளிக்குளத்துக் கருவாடு என்றால், அந்தக் கடலிலே பிடித்து, அந்த மணற்கரையிலே, அந்தப் பனைகளின் காற்றிலே காய்ந்தது என்றுதான் அம்மாவுக்கு அர்த்தம்.

"டி.ஓ.பி. விதிப்படி இதுக்கு ஊர்ப் பேர் வைக்கேலாது" என்று அத்தான் மெதுவாகச் சொன்னார், பின்பு, "ஐ.ஜி.பி. விதிப்படி வைக்கலாம்" என்றார். நான் புதிய காகிதம் ஒன்றை எடுத்து, உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: கட்டாக் கருவாடு. பிடித்த கடல், முள்ளிக்குளம். உலர்த்திய இடம், மலங்காடு. மாதம், ஆவணி. அம்மா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பார்த்துவிட்டு, முதலாவது ஊரின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன்.